பாலைவனத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா

நீரும் நிழலும் அற்ற பாலைவனத்தின் நடுவே, கோடி கோடியாகப் பணத்தைக் கொட்டி ஒரு கேளிக்கைப் பூங்கா அமைப்பது அறிவுடைமை ஆகுமா என்னும் வினா இந்நாளில் பலரிடையே எழுந்துள்ளது. 2025-ம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்க டிஸ்னி கம்பெனியார் அபுதாபி நகரை அடுத்த யாஸ் தீவில் தம் பெயர் தாங்கிய பூங்கா ஒன்று எழவிருப்பதாக அறிவித்தது முதல் அவ்வினா மேலும் வலுத்தது. "அரபுச் சீமையில் எவனோ பூங்கா கட்டினால், கித்தாக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் பிழைக்கும் நமக்கென்ன?" என்று வாசகர் கேட்கலாம். நமக்கு நிரம்ப இருக்கிறது. பாலைவனத்தில் பூங்கா கட்டிப் பார்த்த அனுபவம் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் உண்டு.

பச்சை பசேலென்று மழை பொழியும் இந்நாட்டில் பாலைவனம் ஏது என்று ஐயுற வேண்டா. கோலாலம்பூர் ஈயத்தினால் பிறந்த ஊர். 1857-ம் ஆண்டில் 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றில் படகேறி வந்து, அம்பாங்கில் காடு வெட்டி ஈயம் தேடினர். அவருள் பெரும்பாலோர் மலைக்காய்ச்சலுக்கு இரையாயினர். அன்று தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாக இப்பள்ளத்தாக்கின் மண்ணைக் கிளறியும், நீரால் அடித்துக் கரைத்தும், அலசியும் ஈயம் எடுத்தார்கள். ஈயம் கப்பலேறிற்று. எஞ்சியவை, அடி காணாத குட்டைகளும், வளமெல்லாம் கழுவப்பட்ட வெண்மணல் மேடுகளுமே. அம்மணலில் லாலாங் புல்லும் எளிதில் தலையெடுக்காது. நண்பகலில் அதன் மேல் வெறுங்காலுடன் நடந்தவர்கள் அதைப் பாலைவனம் அன்று என்று சொல்லமாட்டார்கள். 1985-ம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்து விழுந்தபோது, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இக்குழிகளை வைத்துக்கொண்டு என் செய்வது என்னும் கேள்வி நிலக்காரர்கள் முன் நின்றது.

அதற்கு முன்னிருந்தே நம் நகர மக்களுக்குக் கேளிக்கைப் பூங்கா புதிதன்று. சிங்கப்பூரில் 1923-ல் நியூ வோர்ல்டும், 1931-ல் கிரேட் வோர்ல்டும், 1937-ல் ஹேப்பி வோர்ல்டும் தோன்றின. கோலாலம்பூரில் அவற்றின் சாயலில் எழுந்ததே புக்கிட் பிந்தாங் பூங்கா. பி. பி. பார்க் என்றால் முதியோர் பலருக்கு இன்றும் முகம் மலரும். ஜோகெட் ஆட்டமும், காபரே மண்டபமும், நாடகமும், படக்காட்சியும், வளையம் எறியும் கடைகளும், சாப்பாட்டுக் கடைகளும் ஒரே மதிலுக்குள் இருந்தன. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து, சம்பளம் வாங்கிய மாலையில், தொழிலாளிகள் கூட்டாக நடந்தே போய்வரத்தக்க தூரம். நுழைவுக்குக் கொடுத்தது சில்லறைக் காசு. அங்கே மதுவும் சூதும் இருந்தன என்பதையும், அவற்றால் குடும்பங்கள் கெட்டன என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. நம் சீர்திருத்தப் பெரியோர்கள் அக்காலத்து 'வோர்ல்டு'களைக் கடிந்தது நியாயமே. ஆயினும் சீனரும், மலாய்க்காரரும், தமிழரும், ஏழையும், பணக்காரரும் ஒரே விளக்கின் கீழ்த் தோளோடு தோள் உரச நின்ற இடங்கள் அந்நாளில் எத்தனை? அப்பூங்கா ஆட்கள் வராமையால் மாளவில்லை. நிலத்தின் விலை ஏறியதால் மாண்டது. 1972-ல் அது மூடப்பட, அவ்விடத்தில் சுங்கை வாங் பிளாசா என்னும் கடைத்தொகுதி எழுந்து 1977-ல் திறக்கப்பட்டது.

தோட்டத்துத் தமிழன் கதை வேறு. அவனுக்கு நிருவாகம் தன் செலவில் பக்கத்திலேயே அமைத்துத் தந்த கேளிக்கைக் கூடம் ஒன்றே ஒன்று; அது கள்ளுக்கடை. 1941-ம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும், உற்றாரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகவேண்டும், துரைமாரையும் கிராணிமாரையும் கண்டவுடன் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பனவும் அவற்றுள் இருந்தன. (நாமும் கிராணி வேலை பார்ப்பவராதலால், இக்கடைசிக் கோரிக்கையைப் படிக்குந்தோறும் தலை தாழ்கிறது.) உழைத்து ஓய்ந்த பொழுதை மனிதனாகக் கழிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டவற்றுள் அடங்கும். அதற்கு விடையாகக் கிடைத்தது கைதும், துப்பாக்கிச் சூடும், உயிரிழப்பும். போருக்குப்பின், 1946-ல் தோன்றிய மலாயாப் படப்பிடிப்பு இலாகாவின் படங்களை வண்டிகள் தோட்டந் தோட்டமாகக் கொண்டு சென்று, திடலில் வெண்திரை கட்டிக் காட்டின. லயத்துப் பிள்ளைகள் பாய் விரித்து அமர்ந்து பார்த்தார்கள். தோட்டத்துக்குக் கேளிக்கை தானே நடந்து வந்தது அப்போதுதான்.

நிற்க. குழிகளின் கதைக்குத் திரும்புவோம்.

1975-ல் கோம்பாக்கில் காட்டையொட்டித் திறக்கப்பட்ட மிமாலாந்து, அதன் பெரிய நீச்சல் குளத்தையும் டைனோசர் உருவங்களையும் கொண்டு ஒரு தலைமுறைப் பிள்ளைகளை மகிழ்வித்து, பாதுகாப்பைப் பற்றிய அச்சம் மிகுந்து 1994-ல் மூடப்பட்டது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஹோங் பாட் ஈயச் சுரங்கத்தின் மாபெருங் குழி ஏரியாயிற்று. அதன் கரையில் அமைந்த கேளிக்கைப் பூங்காவும் நிலைக்கவில்லை. நின்றது சுங்கைவே ஈயச் சுரங்கத்தில் அமைந்த சன்வே லகூன் ஒன்றே. 1993-ம் ஆண்டில் அது திறக்கப்பட்டபோது, மேலேயிருந்து கீழே பார்த்தால் பழைய சுரங்கக் குழியின் அடியில் நீர் விளையாட்டுக்கள் தெரியும். இன்றும் அவ்வாறே தெரிகின்றன. மண் தோண்டிய பள்ளமே அலைக்குளமாயிற்று.

இங்கே ஒரு செய்தியைக் குறிக்க வேண்டும். அதே 1993-ம் ஆண்டில், அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்து லாஸ் வேகாஸ் நகரிலும் ஒரு பூங்கா திறந்தார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட எம். ஜி. எம். கிராண்ட் ஓட்டலின் பின்புறத்தில், அவ்வோட்டலார் தம் பணத்தில் அமைத்தது அது. பணத்துக்குக் குறைவில்லை, பெயருக்கும் குறைவில்லை. ஏழெட்டு ஆண்டுகளுக்குள் பூங்கா மூடப்பட்டது. நமது ஈயக்குழியோ முப்பதாண்டுகளைக் கடந்து நிற்கிறது. காரணம் யாது? வெயில் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெயில் ஒன்றே காரணம் அன்று என்பது நம் கருத்து. லாஸ் வேகாஸுக்கு வருபவன் சூதாட வருகிறான். இரவெல்லாம் விழித்துப் பகலில் உறங்குகிறான். பிள்ளைகளை வீட்டில் விட்டு வருகிறான். அத்தகையவன் இரண்டாம் முறை பூங்காவுக்கு வருவதில்லை. சன்வேயைச் சுற்றிலுமோ பெட்டாலிங் ஜெயா, சுபாங், கிள்ளான், பூச்சோங் என்று லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. பிறந்தநாளுக்கு ஒருமுறை, பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒருமுறை, ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் ஒருமுறை என அவர்கள் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். குழிக்குப் பக்கத்திலேயே கல்லூரியும், கடைத்தொகுதியும், மருத்துவமனையும் எழுந்தன. ஊர் பூங்காவைத் தாங்கிற்று.

கடல் நீரை உப்பு நீக்கிக் குடிநீராக்கலாம். வெயிலைக் கூரை போட்டுத் தடுக்கலாம். அபுதாபியில் 2010-ல் திறந்த பெராரி வோர்ல்டும், 2018-ல் திறந்த வார்னர் பிரதர்ஸ் வோர்ல்டும் கூரைக்குள் குளிரூட்டப்பட்ட பூங்காக்களே. அவை நடந்து வருகின்றன. வாங்கமுடியாதது அடுத்த வீட்டுக்காரன் ஒருவனைத்தான். 2016-ல் துபாயில் ஒரே இடத்தில் பல பூங்காக்களைத் திறந்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அங்கே அமையவிருந்த சிக்ஸ் பிளாக்ஸ் பூங்கா 2019-ல் கைவிடப்பட்டது. நம் இந்தியச் சினிமாவின் பெயரால் அமைந்த பாலிவுட் பூங்கா 2023-ல் மூடப்பட்டது.

இவற்றைக் கேட்டு நாம் நகைப்பதற்கில்லை. மழை பெய்யும் ஈப்போவில் நடந்ததையும் கேட்க வேண்டும். பேராக் மாநில அரசின் வளர்ச்சிக் கழகத்தைச் சார்ந்த கம்பெனியும் பங்கு கொண்டு, ஏறத்தாழ 52 கோடி வெள்ளிச் செலவில், மேரு ராயாவில் அனிமேஷன் பூங்கா ஒன்றை 2017-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் திறந்தார்கள். 2020-ம் ஆண்டு ஜனவரியில், அதாவது கொரோனாக் கட்டுப்பாடுகள் இந்நாட்டில் வருவதற்கு முன்னரே, அது மூடப்பட்டது. மூன்று வயதுகூட நிரம்பவில்லை. பாலைவனம் அங்கே இல்லை, நீருக்குப் பஞ்சமில்லை. கடன் வாங்கிய பணமும், தூரத்துப் பிரயாணிகள் வந்து குவிவார்கள் என்னும் மதிப்பீடுமே இருந்தன. அதே ஈப்போவில் தம்புன் வெந்நீரூற்றை ஒட்டி 2004-ல் சன்வேக்காரர்கள் திறந்த பூங்கா இன்றும் நடக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணுக. தனி முதலாளி நஷ்டப்பட்டால் அது அவன் பாடு. பொதுப் பணம் கலந்த தொழில் மூழ்கும்போது, அந்த நஷ்டத்தில் பூங்காவின் வாயிற்படியை மிதிக்காத ஏழைக்கும் ஒரு பங்கு உண்டு.

கெந்திங் மலையின் பூங்கா இக்கணக்கில் சேராது. 1971-ல் முதல் ஓட்டல் திறந்த அம்மலையில் நாட்டின் ஒரே சூதாட்ட மண்டபம் இருக்கிறது. பூங்கா அதன் நிழலில் வாழ்வது. ஆயினும் ஒரு பாடம் உண்டு. பழைய வெளிப்புறப் பூங்காவை 2013-ல் மூடி, அமெரிக்க ஃபாக்ஸ் கம்பெனியின் பெயரில் புதிய பூங்கா கட்டத் தொடங்கினார்கள். ஃபாக்ஸை டிஸ்னி விலைக்கு வாங்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்த 2018-ல் ஒப்பந்தம் முறிந்தது, கெந்திங்கார் நூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு அமெரிக்காவில் வழக்கிட்டனர், 2019-ல் சமரசமாயிற்று. பூங்கா 2022-ல் திறக்கப்பட்டபோது வாயிலில் ஃபாக்ஸின் பெயர் இல்லை. கட்டியவனிடம் கட்டடம் எஞ்சும். பெயரை இரவல் கொடுத்தவன் பெயரோடு போய்விடுவான். அபுதாபியிலும் ஏற்பாடு இதுவே: பெயரும் வடிவமைப்பும் டிஸ்னியுடையவை, கட்டும் செலவும் நடத்தும் பொறுப்பும் அவ்வூர் மிரால் கம்பெனியுடையவை. 1983-ல் திறந்த டோக்கியோ டிஸ்னிலாந்தும் ஜப்பானியர் பணத்தில் எழுந்ததே. ஆனால் அதற்குப் பக்கத்தில் டோக்கியோ இருந்தது.

ஆகவே கட்டலாமா என்று கேட்டால், எண்ணெய்ப் பணம் உடைய அபுதாபி கட்டலாம், நஷ்டம் வந்தால் தாங்கும் என்போம். அதைப் பார்த்து, கடன் வாங்கி நாமும் ஒன்று கட்டுவோம் என்று நம் மாநிலங்களில் எவரேனும் புறப்பட்டால், அவரை முதலில் மேரு ராயாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஈயக்குழியில் பூங்கா எழுந்ததால் எவரும் வீடிழந்ததாக நாம் அறியோம். புக்கிட் ஜாலில் தோட்டமோ விளையாட்டு நகரமாயிற்று. 1998-ம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுக்கள் அங்கே நடந்தன. உலகமே வந்து கண்டு களித்தது. அத்தோட்டத்தில் எஞ்சிய 41 தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், தாங்கள் வாழ்ந்த மண்ணில் வீடு கட்டிக்கொள்ள நான்கு ஏக்கர் வேண்டும் என்று நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

நாம் கணக்கெழுதும் தோட்டத்தில் சென்ற பள்ளி விடுமுறையின்போது ஒரு குடும்பம் பிள்ளைகளின் பிடிவாதம் பொறாமல் ஒரு பூங்காவுக்குச் சென்று வந்தது. தாய் பிள்ளைகளுடன் உள்ளே சென்றாள். தந்தை மாலைவரை வாயிலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "கிராணியாரே, என் டிக்கெட்டுக் காசு வீட்டில் மூன்று நாள் சாப்பாடு" என்றார். அதில் மிகை இல்லை. 2025-ல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி; இருபத்தாறு நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 65 வெள்ளி. பெரிய பூங்காக்களின் நுழைவுக் கட்டணம் அந்த ஒரு நாட் கூலியை விழுங்கி மேலும் கேட்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலை அடிவாரத்தில் வந்து நிற்கும் இராட்டினத்தில் அவரும் ஏறுகிறார், பிள்ளைகளோடு. தைப்பூசத்தின் பெயரால் நடக்கும் மூடவழக்கங்களை நாம் ஆதரிப்பவர் அல்லோம். அந்த இராட்டினத்தை மட்டும் குறை கூற மனம் வரவில்லை.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை, வெயிலில் எவரையும் வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். யாஸ் தீவில் சாரம் கட்டும் நாளில் அந்த இரண்டரை மணி நேரம் நிழலில் ஒதுங்கி நிற்கப்போகிறவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் இருக்கக்கூடும். வேலை முடிந்து ஊர் திரும்புமுன், ஒருநாளேனும் அவர்கள் காசு கொடுத்து அந்த வாயிலுக்குள் நுழைய முடியுமா என்பதை அவ்வூர்க் கணக்கர்கள் எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?