தட்டே இல்லாத டிஸ்க்

இன்னிக்குக் கொஞ்சம் சரித்திரம். பயப்படாதீங்க, ராஜராஜ சோழன் எல்லாம் இல்லை, பொட்டி சரித்திரம்தான் :-)

பிளசன்டன்ல நான் தங்கியிருக்கற சித்தப்பா வீட்டுல 2009-ல வாங்கின டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு. பட்டனை அமுக்கிட்டுப் போய் காபி போட்டுக் குடிச்சுட்டு வந்தாலும் இன்னும் எழுந்திருக்காது. போன மாசம் உள்ளேர்ந்து 'டக்... டக்'னு சத்தம் வேற. "தூக்கிப் போட்டுடலாம்டா"ன்னார் சித்தப்பா. சித்தி விடலை. அவங்க அம்மா இப்ப இல்லை. ஊர்லேர்ந்து போன்ல பேசினதைப் பதிஞ்சு வெச்ச கோப்பெல்லாம் அதுல மட்டும்தான் இருக்கு.

அதனால முதல் வேலையா எல்லாத்தையும் வெளி டிரைவுக்கு நகல் எடுத்தேன். ரெண்டு ராத்திரி ஆச்சு, ஆனா குரல் தப்பிச்சது. அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவரைக் கையில எடுத்து எஸ்எஸ்டி மாட்டினேன். அதே சாட்டா கேபிள், அதே பவர் கேபிள். பொட்டி ஒரு கேள்வி கேட்கலை, புது டிஸ்க்னு நம்பி ஏத்துக்கிச்சு. உள்ளே தட்டும் இல்லை, சுத்தற மோட்டாரும் இல்லை. பின்னே எப்படி நம்பிச்சு?

இதுக்கு விடை எங்க வீட்டுக்குக் கிட்டவே இருக்கு. பிளசன்டன்லேர்ந்து 680-ல தெற்கே போனா சான் ஓசே. 1952-ல ஐபிஎம் அங்கே நோட்டர் டேம் அவென்யூவில் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கிச்சு. தலைவர் ரெனால்ட் ஜான்சன். அங்கே பிறந்ததுதான் 1956-ல வெளிவந்த ராமாக். உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்க் அதோட அங்கம். 24 அங்குலத் தட்டு 50, நிமிஷத்துக்கு 1,200 சுத்து, எடை ஒரு டன்னுக்கு மேல. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்னிக்கு ஒரு செல்ஃபோன் படத்துக்கே பத்தாது.

அதுக்கப்புறம் தட்டு சின்னதாச்சு, வேகமாச்சு. ஆனா சூத்திரம் மாறலை. தலை நகரணும், தட்டு சுத்தி வரணும், அதுவரைக்கும் காத்திருக்கணும். நிமிஷத்துக்கு 7,200 சுத்துன்னா ஒரு சுத்துக்கு 8.3 மில்லி செகண்ட். சின்னதுதான். ஆனா பொட்டி எழும்பறப்ப ஆயிரக்கணக்கான துண்டுக் கோப்புகளைக் கேட்குது. நான் காபி குடிச்ச நேரம் அதுதான்.

அதே 680-ல, சான் ஓசேக்குக் கொஞ்சம் முன்னாடி மில்பிடாஸ். சான்டிஸ்க் தலைமையகம் அங்கேதான். 1988-ல எலி ஹராரி, சஞ்சய் மெஹ்ரோத்ரா, ஜாக் யுவான் மூணு பேரும் சன்டிஸ்க்னு தொடங்கின கம்பெனி அது. (மெஹ்ரோத்ரா நம்ம கான்பூர்க்காரர்!) ஃப்ளாஷ் நினைவகம் அவங்க கண்டுபிடிப்பு இல்லை. அது ஜப்பான்ல டோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் செஞ்சது. அதை டிஸ்க் மாதிரி நடிக்க வெச்சதுதான் இவங்க சாமர்த்தியம்.

ஃப்ளாஷ்ல எழுதினதுக்கு மேலேயே திருப்பி எழுத முடியாது. ஒரு பெரிய பாத்தியை மொத்தமா அழிச்சாத்தான் புதுசா எழுதலாம். அடிக்கடி அழிச்சா தேஞ்சும் போயிடும். இந்த ரகசியம் எல்லாத்தையும் உள்ளே இருக்கற கன்ட்ரோலர் சில்லு மறைச்சுக்கும். வெளியே கேட்டா, "ஆமாங்க, நான் டிஸ்க்தான், எத்தனாவது செக்டர் வேணும்?"னு சொல்லும். 1991-ல அவங்க 20 மெகாபைட் எஸ்எஸ்டி வித்தாங்க. அளவு ஹார்ட் டிஸ்க் மாதிரியே 2.5 அங்குலம், விலை சுமார் 1,000 டாலர். வாங்கினது யாரு? ராமாக் செஞ்ச அதே ஐபிஎம்!

புதுசு ஜெயிச்சது பழசை உடைச்சு இல்லை, பழசோட சட்டையைப் போட்டுக்கிட்டு. அதனாலதான் எங்க பொட்டி பிழைச்சுது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர்ல முடிஞ்சதால லினக்ஸ் மின்ட் போட்டேன். இப்ப அரை நிமிஷத்துல எழுந்துடுது. வேஷத்துக்கு விலையும் உண்டு. அந்தக் காலத்து சாட்டா வாசல்ல செகண்டுக்கு 300 மெகாபைட்டுக்கு மேல நுழையாது. எங்களுக்கு அதுவே தாராளம்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. பழைய டிஸ்க் 'டக் டக்'னு சொல்லிட்டுச் சாகும். எஸ்எஸ்டி சத்தமே போடாது. பரண்ல மின்சாரம் இல்லாம வருஷக்கணக்கா கிடந்தா அதுல இருக்கற மின்னூட்டமும் மெல்லக் கசியும். அதனால அந்தக் குரல் இப்ப மூணு இடத்துல இருக்கு.

புதுசா மாட்டினதும் சித்தி முதல்ல திறந்தது அந்தக் கோப்பைத்தான். "சாப்பிட்டியாடி?"ன்னு குரல் கேட்டுச்சு. சித்தப்பா அதுக்கப்புறம் தூக்கிப் போடற பேச்சையே எடுக்கலை.