வழுக்கும் தரையில் நடை

தரை வழுக்கும் என்று தெரிந்தவுடன் மனிதர் தம் நடையை மாற்றிக்கொள்வது பெரும்பாலும் யோசிக்காமலே நடப்பது. மட்டக்களப்பு வாவிக்கரையில் இதை மாரி தோறும் காணலாம். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை வலுத்ததும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல் வரம்புகள் களியாகிவிடும். அதில் போகிறவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். முழங்காலைச் சற்று மடிப்பார். குதிக்காலை முன்னே ஊன்றாமல் பாதம் முழுவதையும் தட்டையாகப் பதித்து, விரல்களை மண்ணில் அழுத்தி, சின்னச் சின்ன எட்டாக வைப்பார்.

வாவியைக் கடக்கும் துறைகளிலும் இதே நடைதான். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை ஆட்களையும் வாகனங்களையும் ‘பாதை’ எனப்படும் மிதவையே ஏற்றி இறக்கியது. குருமண்வெளி–மண்டூர்த் துறையிலும் இத்தகைய பாதைதான் ஓடியது. நனைந்த ஏறுபலகையில் யாரும் வீசி நடப்பதில்லை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயக் குளத்தில் இறங்குவோருக்கும் ஈரப்படியில் இந்த நிதானம் தானாக வந்துவிடும்.

சறுக்கல் பெரும்பாலும் குதிக்கால் தரையைத் தொட்ட கணத்தை ஒட்டியே நேர்கிறது. அப்போது கால் தரையை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தக் கிடைவிசையை உடற்பாரத்தின் நிலைக்குத்து விசையால் வகுத்தால், சறுக்காமல் நடக்கத் தேவையான உராய்வின் அளவு கிடைக்கும். காய்ந்த சமதரையில் சாதாரண நடைக்கு இது ஏறக்குறைய 0.2. எட்டைக் குறுக்கினால் கால் நிமிர்ந்து நிற்கும், முன்தள்ளல் குறையும், உடற்பாரமும் முன்காலின்மேல் விரைவாக வந்துவிடும்.

இதை அளந்து காட்டியவர்கள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ராக்கியே சாம், மார்க் ரெட்ஃபர்ன் ஆகியோர் (2002). விழாதபடி பாதுகாப்பு வார் அணிந்தவர்களைக் காய்ந்த தரையிலும் நீர், சவர்க்காரநீர், கிளிசரின் பூசிய தரைகளிலும் நடக்கவிட்டார்கள். தரை வழுக்கலாம் என்ற எதிர்பார்ப்பே, தேவைப்படும் உராய்வை 16 முதல் 33 சதவீதம் வரை குறைத்தது. இன்னும் சுவையானது அடுத்த செய்தி: இனித் தரை காய்ந்ததுதான் என்று உறுதி சொன்ன பிறகும் நடை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை, 5 முதல் 12 சதவீதக் குறைவு எஞ்சியிருந்தது. ஒருமுறை சறுக்கிய கால் பேச்சை எளிதில் நம்புவதில்லை போலும்.

ஆகவே வயற்சேற்றைவிட வீட்டு டைல்ஸ் தரைதான் பொல்லாதது. சேறு கண்ணில் படும், கால் முன்கூட்டியே ஆயத்தமாகும். பளபளக்கும் டைல்ஸில் சிந்திய தண்ணீரோ அதே பளபளப்பில் மறைந்துவிடும்; நடப்பவர் காய்ந்த தரைக்குரிய நீண்ட எட்டோடு அதன்மேல் குதிக்காலை வைப்பார். துடைக்க நேரமில்லையென்றால், வருகிறவரிடம் “அதில ஈரம், பாத்து வாங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.