கப்பல் வராத நாட்கள்

கிரகம் விட்டுக் கிரகம் செல்லும் கலங்களைப் பற்றிக் கற்பனைக் கதை புனைவோர், அக்கலத்தில் இருப்போர் உண்பதற்கென்று உள்ளங்கையளவான உணவுக் கட்டியொன்றையும் உடன் படைத்துவிடுவது வழக்கம். தாய்க்கிரகத்திலிருந்து சரக்குக் கலம் வந்து சேராத காலத்தில் குடியேற்றத்தின் தலைவன் அந்தக் கட்டியை எண்ணியெண்ணிப் பங்கிடுவதும், பங்கிடுகிறவன் கையே அனைவர் உயிருக்கும் அதிகாரியாகிவிடுவதும் அக்கதைகளில் திரும்பத் திரும்ப வரும் சம்பவங்கள். நட்சத்திரங்களுக்கு அப்பால் நடப்பதாக எழுதப்படும் இவை நம் வங்கக் கடலின் நடுவே, சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் மூன்று நாள் பிரயாணத்தில் எட்டக்கூடிய அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் பிரத்தியட்சமாக நடந்தேறியவை. அத்தீவுகளின் சரித்திரத்தைச் சிறைச்சாலையின் வழியாகவும், தியாகிகளின் வாழ்க்கை வழியாகவும், கொடியேற்றங்களின் வழியாகவும் நாம் படித்திருக்கிறோம். அரிசி மூட்டையின் வழியாகவும் அதனைப் படித்தாக வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

கடாரம் கொண்ட ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று குறிக்கப்படும் இடமே நிக்கோபார். அதற்கு வடக்கே, பத்து டிகிரிக் கால்வாய்க்கு அப்பால் கிடப்பது அந்தமான். வரைபடத்தில் ஒரே சரமாகத் தோன்றும் இவ்விரு கூட்டங்களும் ஆகார விஷயத்தில் இருவேறு உலகங்களாகவே இருந்து வந்தன. நிக்கோபாரில் தென்னை கரையோரமெங்கும் செழித்து நின்றது. பன்றி வளர்த்தார்கள், கிழங்கு பயிரிட்டார்கள். அந்தமானிலோ ஆங்கிலேயர் குடியேறுவதற்கு முன் தென்னையே இல்லை. அங்கே வாழ்ந்த பழங்குடியினர் பன்றியும் மீனும் ஆமையும் சிப்பியும் தேனும் காட்டுக் கிழங்குமாகப் பருவத்துக்குப் பருவம் தேடி உண்டு, உழவென்பதே இன்றிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஜீவித்தனர். இவ்விரு திறத்தாரில் எவரும் அந்நியக் கப்பலை எதிர்பார்த்து உலை வைத்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லி வைப்பது அவசியம். ஏனெனில் பின்னர் வந்தவர்கள் அனைவரும் கப்பலை எதிர்பார்த்தே வாழ்ந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் முந்தியவர்கள் நம் தரங்கம்பாடியிலிருந்து போனவர்கள். 1756-இல் டேனிஷ்காரர்கள் அங்கிருந்து சென்று நிக்கோபாரைத் தம் உடைமையென்று அறிவித்தார்கள். காய்ச்சல் அவர்களை நிலைக்கவிடவில்லை. 1768-இல் மொரேவிய சபையைச் சேர்ந்த சகோதரர்கள், தரங்கம்பாடியில் தங்களுக்கிருந்த தோட்டத்தையும் மடத்தையும் ஆதாரமாகக் கொண்டு, நன்கௌரித் தீவில் ஒரு சிறு நிலையத்தை ஏற்படுத்தினார்கள். ஹென்சல் என்பவர் பிற்காலத்தில் எழுதிய கடிதங்கள் அந்நிலையத்தின் துயரத்தை நமக்குத் தெரிவிக்கின்றன. சகோதரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் மாண்டனர். கிளிஞ்சல்களையும் பூச்சிகளையும் பாம்புகளையும் சேகரித்து ஐரோப்பியருக்கு விற்றுச் செலவுக்குப் பணம் தேடினர். கடைசியில் 1787-இல் நிலையமே கைவிடப்பட்டது. அந்தமானில் 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் நிறுவிய முதல் ஆங்கிலக் குடியேற்றமும், 1792-இல் வட அந்தமானுக்கு மாற்றப்பட்ட பின்னர், நோய் பொறுக்கமாட்டாமல் 1796-இல் கலைக்கப்பட்டது.

இத்தனைக்கும் அந்தச் சகோதரர்கள் வாழ்ந்த குடிசையைச் சுற்றிலும், மனிதன் உயிர் காக்கும் உணவைப் பற்றி இத்தீவுகள் கண்டறிந்த ஞானத்தின் சிகரம் திகழ்ந்துகொண்டிருந்தது. தாழையின் உறவினமான பெரிய மரமொன்று நிக்கோபாரில் உண்டு. போர்ச்சுக்கீசியர் வழியாக அதற்கு மெல்லோரி என்று பெயர் வழங்கிற்று. ஃபொன்டானா என்பவர் அதைப் பற்றிக் கல்கத்தாவின் ஆசிய ஆராய்ச்சிச் சங்க வெளியீட்டில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதியிருக்கிறார். மனிதர் தலையினும் பெரிதாக, முள்முள்ளாகத் திரண்டு தொங்கும் அதன் பழத்தைப் பச்சையாகத் தின்ன முடியாது. அதை உடைத்துப் பெரும்பானையில் இட்டு, இலையால் மூடி, சிறிதளவு நீரில் நெடுநேரம் வேகவைத்து, வெந்த சதையைச் சிப்பி ஓட்டால் சுரண்டி, நூல் நூலாக ஓடும் நாரைப் பொறுமையோடு நீக்கினால், மஞ்சள் நிறமான மாவு கிடைக்கும். அதைப் பெரிய உருண்டைகளாகத் திரட்டி இலையில் பொதிந்து வைத்துவிட்டால் பல நாட்களுக்குக் குடும்பத்தின் ஆகாரம் தயார். இது பெண்களின் வேலை. பல மணி நேரம் பிடிக்கும் வேலை. பன்றி மாமிசத்துக்கும் மீனுக்கும் இதுவே துணை, அரிசி இல்லாத தீவில் இதுவே சோறு. அவிப்பதற்கான பானையைச் சௌராத் தீவினர் மட்டுமே வனைவார்கள் என்பது நிக்கோபார் வழக்கம். மற்றத் தீவினர் அதைப் பெறத் தோணியேறி அங்கே செல்ல வேண்டும். ஆகவே ஒரு தீவின் பானையும் இன்னொரு தீவின் பழமும் மற்றொன்றின் தோணியும் சேர்ந்த ஏற்பாடாகவே அந்த உணவு நின்றது. 1961-இல் மைசூரில் ஏற்பட்ட பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடத்தார், 1984-இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மாவுக்குப் பாரதத்தின் உணவைப் பக்குவம் செய்து அனுப்பியபோது எந்த நோக்கத்தை முன்வைத்தார்களோ, கெடாமலும் சுருக்கமாகவும் உடலைத் தாங்குவதாகவும் ஆகாரம் இருக்க வேண்டுமென்ற அதே நோக்கத்தை நிக்கோபார்ப் பெண்கள் சிப்பி ஓட்டின் துணையோடு நெடுங்காலத்துக்கு முன்பே நிறைவேற்றிவிட்டார்கள் என்று சொல்வதில் மிகை இல்லை. அதில் மற்றொரு விசேஷமும் உண்டு: அந்த உருண்டையை அளந்து கொடுப்பதற்கென்று ஓர் அதிகாரி இல்லை.

அளந்து கொடுக்கும் அதிகாரி 1858 மார்ச்சில் வந்து சேர்ந்தார். முதல் சுதந்திரப் போரில் சிறைப்பட்ட இருநூறு பேருடன் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் போர்ட் பிளேரில் இறங்கினார். அரிசியும் பருப்பும் உப்பும் கல்கத்தாவிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் சென்னையிலிருந்தும் வர வேண்டும் என்ற நியதி அன்றே ஏற்பட்டுவிட்டது. ரோஸ் தீவில் அதிகாரிகளின் மேசைக்காக ரொட்டி சுடும் கூடம் எழுந்தது. காட்டுக்குள் தப்பியோடிய கைதிகளில் அநேகர் திரும்பப் பிடிபட்டுத் தூக்கிலேறினார்கள்; தப்பியவர்களில் தூத்நாத் திவாரி என்பவரைப் போலப் பழங்குடியினரிடையே ஓராண்டளவு வாழ்ந்து மீண்டவர்கள் மிகச் சிலரே என்பதிலிருந்து, உணவு நிறைந்த காடே அதன் இலக்கணம் அறியாதவனுக்கு எத்தகைய பாலைவனம் என்பது விளங்கும்.

1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் உணவைப் பற்றி, அங்கே பல ஆண்டுகள் அடைபட்டிருந்த பரீந்திர குமார கோஷ் எழுதிவைத்த நினைவுக் குறிப்பைப் படிப்பவர் நெஞ்சம் பதைக்கும். காலையில் கஞ்சி, கொட்டாங்கச்சி அகப்பையால் அளந்து ஊற்றுவது. பின்னர் ரங்கூன் அரிசிச் சோறு, தடித்த ரொட்டி, துவரம்பருப்பு, சேம்பின் இலையும் தண்டும் கலந்த கறி. இந்த ஆகாரத்தை உண்டுவிட்டு, செக்கில் மாட்டுக்குப் பதிலாகத் தானே பூட்டப்பட்டு, நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். கைதி பிழியும் தேங்காயின் எண்ணெய் கப்பலேறிப் போயிற்று. கைதியின் வயிற்றுக்கான அரிசி கப்பலேறி வந்தது. இதில் பொருளாதாரத்தைக் காட்டிலும் ஆட்சித் தந்திரமே அதிகம் என்பது என் துணிபு, ஏனென்றால் வயிறு வெளியூரை நம்பியிருக்கும்வரை கலகத்துக்குக் கால் முளைப்பது கடினம். அந்தத் தந்திரத்தை உடைக்கக் கைதிகளிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆயுதம், அளந்து கொடுக்கப்பட்டதை மறுப்பது. 1933 மே மாதத்தில் உண்ணத்தக்க உணவும் விளக்கும் படிக்கப் புத்தகமும் கேட்டு அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு இருந்தார்கள். அதிகாரிகள் குழாயிட்டுப் பாலைப் பலாத்காரமாகச் செலுத்தினார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் உயிர் துறந்தனர். உயிரைக் காக்க வேண்டிய ஆகாரமே உயிரைப் பறித்த கொடுமையை எண்ணுந்தோறும் மனம் ஆறுவதில்லை.

1942 மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. அன்றுமுதல் மூன்றரை ஆண்டுகள் இத்தீவுகளின் பசிக்குச் சாட்சியாக நிற்கின்றன. இந்தியக் கரையிலிருந்து அரிசி வருவது ஒரேயடியாக நின்றது. ஜப்பானியர் வசமிருந்த துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல்களோ, நேச நாடுகளின் நீர்மூழ்கிகளுக்கும் விமானங்களுக்கும் இலக்காகி, நாளடைவில் அருகிப்போயின. விமானத்தளம் அமைக்கும் வேலைக்கு உழவர்களும் இழுத்துச் செல்லப்பட்டனர். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்பது உத்தரவு. நட்டது விளைந்தபோது அதில் படைக்கே முதல் உரிமை. ஒரு பிடி அரிசியைத் திருடினான் என்ற சந்தேகமே ஒருவனைச் சித்திரவதைக்கு உட்படுத்தப் போதுமானதாயிற்று. இன்று தீவெங்கும் பயிரை அழித்துத் திரியும் ஆப்பிரிக்கப் பெருநத்தை, அக்காலத்தில் ஜப்பானியர் உணவுக்கென்று கொண்டுவந்து விட்டதே என்று தீவுவாசிகள் சொல்வார்கள். 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி வந்து கொடியேற்றிச் சென்றதும், ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தின் சார்பில் தமிழரான டாக்டர் லோகநாதன் நிர்வாகத் தலைவராக வந்ததும் உண்மை. ஆனால் கல்வி இலாகாவைத் தவிர மற்ற அதிகாரங்களை ஜப்பானியர் அவரிடம் விட்டுக்கொடுக்கவில்லை. அரிசியின் சாவி கைமாறாத வரையில் ஆட்சி கைமாறியதாகக் கொள்வதெப்படி?

யுத்தத்தின் கடைசி நாட்களில் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. 1945 ஆகஸ்டில், உணவு குறைந்து வந்த வேளையில், வேலைக்கு உதவாதவர்கள் என்று கணிக்கப்பட்ட முதியோரும் பெண்களும் குழந்தைகளும் அடங்கிய நூற்றுக்கணக்கானவர்களை, விவசாயம் செய்து பிழைக்க நல்ல பூமி தருவதாகச் சொல்லிக் கப்பலேற்றினார்கள். கப்பல் ஹேவ்லாக் தீவை அணுகியபோது அவர்கள் கடலில் இறக்கிவிடப்பட்டனர். நீந்தத் தெரியாதவர்கள் மூழ்கினர்; கரை சேர்ந்தவர்களும் ஆள் அரவமற்ற அத்தீவில் பட்டினியால் ஒவ்வொருவராக மாண்டனர். பிழைத்து வந்து சாட்சி சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. பங்கீட்டுக் கணக்கில் வாய்களின் எண்ணிக்கை மிகுந்தபோது, வாய்களையே கழித்துக் கணக்கை நேர் செய்த சம்பவம் இது. இன்று ஸ்வராஜ் தீவு என்று பெயர் பெற்று, வெண்மணற் கரைக்காக உல்லாசப் பிரயாணிகள் நாடிச் செல்லும் அந்தத் தீவுக்குச் செல்கிற நம்மவர், இதை அறிந்து செல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். அக்டோபரில் ஆங்கிலேயர் மீண்டு வந்தபோது எலும்பும் தோலுமான ஜனங்களையே கண்டார்கள். கைதிக் குடியேற்றமும் அத்துடன் முடிவுற்றது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த குடியேற்றங்களை விரைவாகவே கடந்து செல்லலாம். 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிகள் காட்டைத் திருத்திக் கழனியாக்கினார்கள். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தன. ஆனால் ஒரு விஷயத்தில் நின்று யோசித்தாக வேண்டும். ஆதிவாசிகளின் நலனுக்கென்று 1976-இல் ஏற்பட்ட சங்கம், சிறிய அந்தமானின் டுகாங் க்ரீக்கில் ஓங்கே மக்களைக் குடியமர்த்தி, அவர்களுக்கு அரிசியும் பருப்பும் சர்க்கரையும் தேயிலையும் பால் மாவும் வழங்கத் தொடங்கிற்று. நல்லெண்ணத்தில் பிறந்த காரியம்தான். எனினும் பன்றியும் தேனும் கிழங்கும் தேடி நாள் முழுதும் காட்டில் நடந்த ஒரு ஜனம், மூட்டை வரும் தேதியைப் பார்த்து உட்காரும்படி ஆனதை நலம் என்று சொல்ல என்னால் இயலவில்லை.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை, கடல் எழுந்து நிக்கோபாரின் கரையூர்களை அடித்துச் சென்றது. கார் நிக்கோபார், கச்சால், டிரிங்கெட், பெரிய நிக்கோபார் எங்கும் தென்னந்தோப்புகளும் தாழைகளும் பன்றிகளும் ஒரே நாளில் போயின. பெரிய நிக்கோபாரின் தென்முனையில் நிலமே சில மீட்டர்கள் தாழ்ந்துவிட்டது. உதவிக் கப்பல் எட்டாத இடங்களில், விழுந்து கிடந்த தேங்காயை உடைத்து நீரைக் குடித்தும் பருப்பைத் தின்றும் ஒரு மாதத்துக்கு மேல் பிழைத்திருந்தவர்களைப் பின்னர் கண்டெடுத்தார்கள். எந்தப் பண்டகசாலையும் வழங்காத ஆகாரம் அது.

பின்பு நிவாரணம் வந்தது. மூட்டை மூட்டையாக அரிசி வந்தது. அது வராதிருந்தால் உயிர்ச்சேதம் இன்னும் பெருகியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிக்கோபாரில் தென்னையும் பன்றியும் துஹேத் எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்குப் பொதுவானவை. விருந்தும் அதன் பொறுப்பு, பசியும் அதன் பொறுப்பு. அரசாங்கமோ இழப்பீட்டைத் தனித்தனிக் குடும்பத் தலைவர் பேரில் எழுதிக் கொடுத்தது. மீண்டும் நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். தாழைக்கும் பொறுமை வேண்டும். அதுவரை இலவச அரிசி. கொப்பரையைக் கொடுத்து அரிசியைப் பண்டமாற்றாக வாங்கிய ஜனங்கள், கொடுப்பதற்கு ஏதுமின்றி வாங்குகிறவர்களானார்கள். துஹேத்தின் மூத்தோரிடமே மூட்டைகளை ஒப்படைத்துப் பங்கிடச் சொல்லியிருக்கலாம். முதல் மழையிலேயே தென்னை நாற்றும் தாழைக் கன்றும் கப்பலேற்றி அனுப்பியிருக்கலாம். மெல்லோரி அவிக்கத் தெரிந்த பாட்டிமார் உயிரோடிருக்கையில், பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தைகளை அந்தப் பானையைச் சுற்றி உட்கார வைத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதை இப்போதும் செய்யலாம்; அதற்குக் கப்பல் தேவையில்லை.