வில்ஃபிரட் கிரென்ஃபெல்

சர் வில்ஃபிரட் தாமசன் கிரென்ஃபெல் (பெப்ரவரி 28, 1865 – அக்டோபர் 9, 1940) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் கிறித்தவ மறைப்பணியாளரும் ஆவார். வட அமெரிக்காவின் கிழக்கு ஓரத்திலுள்ள நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரையோர மீனவர்களிடையே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார். அப்போது தனிக் குடியேற்றப் பகுதியாக இருந்த நியூஃபவுண்ட்லாந்து 1949 இல் கனடாவுடன் இணைந்தது.

இளமை

இங்கிலாந்தின் செசயர் மாவட்டத்தில் பார்க்கேட் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். இலண்டன் மருத்துவமனைக் கல்லூரியில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பிரெடரிக் டிரீவ்சிடம் பயின்றார். 1885 இல் அமெரிக்க நற்செய்தியாளர் டுவைட் மூடியின் உரையைக் கேட்டது இவரது வாழ்க்கையை மாற்றியது. தேர்ச்சி பெற்றபின், வடகடலில் மீன்பிடிப்போருக்கு உதவும் ஆழ்கடல் மீனவர் மறைப்பணிச் சங்கத்தில் மருத்துவராகச் சேர்ந்தார்.

லாப்ரடார் பணி

1892 இல் ஆல்பர்ட் என்ற பாய்மரக் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து சென்றார். அக்கோடையில் மட்டும் சுமார் 900 நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். அடுத்த ஆண்டு இரு மருத்துவர்களுடனும் இரு செவிலியர்களுடனும் திரும்பினார். பேட்டில் துறைமுகத்தில் 1893 இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பின்னாளில் நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனையிலுள்ள செயின்ட் அந்தோணி தலைமையிடமாயிற்று. கோடையில் படகிலும், கடல் உறையும் குளிர்காலத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும் நோயாளிகளைத் தேடிச் சென்றனர்.

காசநோயும் ஊட்டக்குறைவால் வரும் பெரிபெரியும் அங்கே மலிந்திருந்தன. இவற்றுக்கு மருந்து மட்டும் போதாது என்பதைக் கிரென்ஃபெல் விரைவில் கண்டார். மீனவர் பருவத் தொடக்கத்தில் வலை, உப்பு, மாவு ஆகியவற்றை வணிகரிடம் கடனாகப் பெற்று, பருவ முடிவில் காட் மீனைக் கொடுத்துக் கணக்குத் தீர்த்தனர். இரண்டு விலைகளையும் வணிகரே குறித்ததால், பலர் கையில் காசையே காணாமல் வாழ்நாள் முழுதும் கடனில் இருந்தனர். இதற்கு மாற்றாக 1896 இல் ரெட் பே என்ற ஊரில் கூட்டுறவுக் கடையைத் தொடங்கினார். வணிகர்களின் பகை இதிலிருந்தே வந்தது எனலாம். வெளிநாடுகளில் நிதி திரட்டும்போது தம் நாட்டின் வறுமையை மிகைப்படுத்திப் பேசுகிறார் என்றும் தலைநகர் செயின்ட் ஜான்சில் குறை கூறப்பட்டது.

பெண்கள் பின்னிய கம்பளங்களை விற்கும் கைத்தொழில் திட்டம் நன்கு நிலைத்தது. பழைய பட்டுக் காலுறைகளைக் கிழித்துச் செய்யப்பட்ட இக்கம்பளங்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர். பாலுக்கும் இறைச்சிக்குமாக 300 துருவ மான்களைக் கொணர்ந்த திட்டமோ தோல்வியுற்றது.

பனித்திட்டில் ஓர் இரவு

1908 ஏப்ரலில், காலில் சீழ்பிடித்த சிறுவன் ஒருவனைக் காணச் சறுக்குவண்டியில் புறப்பட்டார். குறுக்கு வழியாக உறைந்த விரிகுடாவைக் கடக்கையில் பனி உடைந்து, நாய்களுடன் சிறு பனித்திட்டில் ஏறி ஆழ்கடலை நோக்கி மிதக்கலானார். ஈர உடையில் உறைந்து சாகாதிருக்க மூன்று நாய்களைக் கொன்று அவற்றின் தோலைப் போர்த்திக்கொண்டார். அவற்றின் கால் எலும்புகளைக் கட்டிக் கம்பமாக்கித் தம் சட்டையைக் கொடியாக ஆட்டினார். மறுநாள் மீனவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் படகில் வந்து மீட்டனர். பனி விலகியபின் சிறுவனும் படகில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டுக் குணமடைந்தான். மூடி, வாட்ச், ஸ்பை என்னும் அந்நாய்களின் நினைவாகத் தம் வீட்டில் ஒரு பட்டயம் பதித்தார்.

பிற்காலம்

1909 இல் அமெரிக்கரான ஆன் மெக்கிளானகனை மணந்தார். பணி மீனவர் சங்கத்தின் எல்லையை மீறி வளர்ந்ததால் 1914 இல் பன்னாட்டுக் கிரென்ஃபெல் சங்கம் உருவானது. 1927 இல் சர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் காலமான இவரது சாம்பல் செயின்ட் அந்தோணிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

மரபும் விமரிசனமும்

சங்கத்தின் மருத்துவமனைகள் 1981 இல் மாகாண அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. சங்கம் நடத்திய உண்டுறைப் பள்ளிகளின் வரலாறு வேறானது. இனுவிட் முதலிய பழங்குடிக் குழந்தைகள் அங்கே குடும்பத்திலிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரிக்கப்பட்டனர். பலர் கொடுமைக்கும் உள்ளாயினர். முன்னாள் மாணவர்கள் தொடுத்த வழக்கு 2016 இல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. 2017 நவம்பர் 24 அன்று அப்போதைய கனடியப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ லாப்ரடாரின் கூஸ் பே நகருக்குச் சென்று அவர்களிடம் மன்னிப்புக் கோரினார்.