ஏஎம்4 சாக்கெட்

ஏஎம்4 என்பது ஏஎம்டி நிறுவனத்தின் செயலிகளைத் தாய்ப்பலகையில் பொருத்துவதற்கான, 1331 துளைகள் கொண்ட சாக்கெட் ஆகும். 2016 இல் அறிமுகமான இது, 2017 இல் வெளிவந்த ரைசன் செயலிகளால் பரவலானது. டிடிஆர்4 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். 2022 இல் ஏஎம்5 வந்த பின்னரும், குறைந்த செலவில் விளையாட்டுக் கணினியைத் தாமே பூட்டுவோர் பலர் இதனை நாடினர்.

பொருத்தம்

சாக்கெட் ஒன்றே என்பதால் மட்டும் எந்தச் செயலியும் எந்தத் தாய்ப்பலகையிலும் இயங்கிவிடாது. பலகையிலுள்ள பயாஸ் மென்பொருள் அச்செயலியை அறிந்திருக்க வேண்டும். பழைய பலகைகள் பலவற்றின் பயாஸ் சில்லு 16 மெகாபைட் கொள்ளளவே உடையது. எல்லாத் தலைமுறைச் செயலிகளுக்குமான நிரல் அதில் அடங்கவில்லை. பி350 பலகைகளில் ரைசன் 5000 வரிசையைப் பயன்படுத்த ஏஎம்டி 2022 இல்தான் முறையாக வழிசெய்தது. மாறாக, 2020 இல் வந்த பி550 பலகைகள் முதல் தலைமுறை ரைசனை ஏற்பதில்லை. எனவே வாங்குமுன் பலகைத் தயாரிப்பாளர் வெளியிடும் செயலிப் பட்டியலில் தேவையான பயாஸ் பதிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுப்பித்தலுக்குப் பெரும்பாலும் ஏற்கனவே இயங்கும் செயலி ஒன்று தேவைப்படும். செயலியின்றியே யூஎஸ்பி வழியாகப் புதுப்பிக்கும் வசதி சில பலகைகளில் உண்டு. அது இருந்தால் இரவல் செயலி தேடி அலைய வேண்டியதில்லை.

ரைசன் 5 5600 செயலியில் வரைவியல் பகுதி இல்லை. தனி வரைவியல் அட்டை பொருத்தாவிடில் திரையில் எதுவும் தோன்றாது, இது பழுதன்று. 5600ஜி செயலியில் அப்பகுதி உள்ளது.