தரையிலேயே தொடங்கும் கவனச்சிதறல்

1997 அக்டோபர் 12. கலிபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்தில் பாடகர் ஜான் டென்வரும் ஒரு பராமரிப்புப் பணியாளரும் ஒரு கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். லாங்-ஈஇசட் என்ற அந்தச் சிறு விமானம் டென்வர் கைக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. எரிபொருளை ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு மாற்றும் கைப்பிடி, பர்ட் ருட்டானின் மூல வடிவமைப்பில் விமானியின் கால்களுக்கு இடையே இருக்கும். இந்த விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். இருக்கையில் இருந்தபடி எட்டவில்லை. குறடு ஒன்றை மாட்டி நீட்டிப் பார்த்தும் பயனில்லை. தேவைப்பட்டால் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டுத் திருப்பிக்கொள்வதாக டென்வர் சொன்னார். ஒரு மணி நேரப் பயணம்தான் என்பதால் எரிபொருளும் நிரப்பிக்கொள்ளவில்லை.

சற்று நேரத்தில் பசிபிக் குரோவ் கரையருகே, சில நூறு அடி உயரத்திலிருந்து விமானம் கடலில் விழுந்தது. டென்வர் உயிரிழந்தார்.

அவர் கற்றுக்குட்டி அல்லர். 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது அவருடைய கவனம் விமானத்தைவிட்டு விலகியது, வலது சுக்கான் மிதி தெரியாமல் அழுத்தப்பட்டது, கட்டுப்பாடு போனது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது. தோளுக்குப் பின்னால் கை நீட்ட உடலைத் திருப்பும் எவருக்கும் வலது கால் தானாகவே ஊன்றிக்கொள்ளும் என்பது விசாரணையில் தெரியவந்தது. கைப்பிடியின் இடத்தையும், குறியீடில்லாத எரிபொருள் அளவியையும், புதிய விமானத்துக்குப் போதிய பயிற்சி இல்லாததையும் வாரியம் துணைக் காரணங்களாகச் சேர்த்தது.

கவனச்சிதறலை விமானியின் மனக்குறையாக மட்டும் பார்க்கும் வழக்கத்தை இந்த விபத்து கேள்விக்கு உள்ளாக்குகிறது. 'முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், அதன் பிறகு பேசு' என்று ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியும் சொல்லித்தருகிறது. பாடம் சரிதான். ஆனால் தெரிந்த கோளாறு ஒன்றை வானத்தில் சமாளித்துக்கொள்ளலாம் என்று ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பாடம் காலங்கடந்தே வந்து சேர்கிறது. அவருடைய கவனம் எங்கே சிதறப்போகிறது என்பது தரையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஆட்டோபைலட்டை நம்பலாமே என்று கேட்கலாம். 1972 டிசம்பர் 29 இரவு மயாமியை நெருங்கிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் எண் விமானத்தில் மூக்குச் சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது, கெட்டுப்போனது பல்பு. விமானத்தை 2,000 அடியில் ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு, விமானி அறையில் இருந்த அனைவரும் அந்தக் கோளாறிலேயே மூழ்கிப்போனார்கள். இடையில் ஆட்டோபைலட்டின் உயரப்பிடிப்பு விலகியதை யாரும் கவனிக்கவில்லை. எச்சரிக்கை மணி ஒலித்தும் காதில் ஏறவில்லை. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். மூன்று பணியாளர்கள் இருந்த அறையிலேயே இந்த நிலை என்றால், தனியாக ஓட்டுபவருக்கு உயரமானியைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண்கள் ஏது?

சிறு விமானக் கோளாறுகளில் பல, விமானிக்குப் போதிய அவகாசம் தருபவை. மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நின்றாலும் பெரும்பாலான பிஸ்டன் எஞ்சின்கள் தாமே தீப்பொறி உண்டாக்கும் மேக்னெட்டோவின் தயவில் ஓடிக்கொண்டே இருக்கும். பைப்பர் செரோக்கியின் ஒரே கதவு வலது இறக்கைக்கு மேலே இருக்கிறது. அதன் மேல்தாழ்ப்பாளைப் போட மறந்தால் புறப்பட்டதும் கதவு சற்றே திறந்துகொள்ளும். காற்று பேரிரைச்சலோடு உள்ளே புகும், காகிதங்கள் பறக்கும். ஆனால் காற்றழுத்தம் கதவை அதற்கு மேல் திறக்கவிடாது, விமானமும் பறக்கும். ஒரு சுற்று வந்து வழக்கம்போல் இறங்கினால் போதும். ஆபத்து, கதவை இழுக்க வலப்புறம் சாயும் விமானியின் இடது கையில் இருக்கிறது: ஸ்டீயரிங் பின்னுக்கு இழுபடும், மூக்கு உயரும், வேகம் குறையும். பதறிப்போய் ஓடுபாதைக்குத் திரும்ப விமானத்தை அளவுக்கு மீறிச் சாய்ப்பது அதைவிட மோசம். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது, இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம் 41 சதவீதம் கூடிவிடும்.

புறப்பட்டவுடன் எஞ்சின் நிற்பது போன்ற, யோசிக்க நேரமே தராத கோளாறுகளும் உண்டு. அப்போது முன்கூட்டிச் சொல்லிப் பார்த்துக்கொண்ட பதில்தான் கைகொடுக்கும்: மூக்கைத் தாழ்த்தி, நேர் எதிரே இருக்கும் இடத்தில் இறக்குவது.

கவனச்சிதறலைத் தடுக்க, 10,000 அடிக்குக் கீழே தேவையற்ற பேச்சும் வேலையும் கூடாது என்று 1981இல் அமெரிக்கா விதித்த கட்டுப்பாடு வணிக விமானங்களுக்கே உரியது. தனியார் விமானிகளை அது கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தினாலும், எட்டாத இடத்தில் இருக்கும் குமிழை அதனால் பக்கத்தில் கொண்டுவர முடியாது. பயனுள்ள இடம் வேறு இருக்கிறது. அமெரிக்காவில் பொதுவாக ஒவ்வொரு விமானியும் 24 மாதங்களுக்கு ஒருமுறை ஆசிரியரிடம் குறைந்தது ஒரு மணி நேரம் தரையிலும் ஒரு மணி நேரம் வானிலும் மறுபரிசீலனைக்கு உட்பட வேண்டும். அந்தத் தரை நேரத்தில் ஒரு பகுதியை வகுப்பறையிலிருந்து விமானியின் சொந்த விமானத்துக்கு மாற்ற வேண்டும். வார்ப்பட்டையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு குமிழையும் அவர் தொட்டுக் காட்டட்டும். உடலைத் திருப்பாமல் எதைத் தொட முடியவில்லையோ, எது இறுகிக் கிடக்கிறதோ, அதைப் பழுதுபார்த்த பிறகே ஆசிரியர் கையெழுத்திட வேண்டும்.