அலெப்போ வயலிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு: ஹாம்ஸ்டர் 'மெயின்டெனன்ஸ் இல்லாத' பிராணி ஆன கதை

"சின்னதா, சத்தம் போடாம, அதிகம் வேலை வைக்காம ஒரு பெட் சொல்லுங்களேன்." பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிற நண்பர்கள் வட்டத்தில் இந்தக் கேள்வி வருடத்துக்கு நாலு தடவையாவது வந்துவிடும். கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். நாய் என்றால் அசோசியேஷனில் முகம் சுளிப்பார்கள். பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்துக்கொள்ள 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. மிச்சம் இருப்பது மீன், லவ் பேர்ட்ஸ், ஹாம்ஸ்டர். கடைசியில் யாராவது ஒருவர் சொல்வார்: "ஹாம்ஸ்டர் வாங்குங்க. ஒரு கூண்டு, ஒரு சக்கரம், கொஞ்சம் தானியம். மெயின்டெனன்ஸே இல்லை."

இருபது வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால், மெயின்டெனன்ஸே இல்லை என்று எதைப் பற்றிச் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பெரும்பாலும் அந்த வேலையை எங்கோ ஒருவர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பார், அல்லது யாருமே செய்யாமல் விட்டிருப்பார்கள். சரி, இந்தப் பெயர் ஹாம்ஸ்டருக்கு எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தேன். சிரியாவுக்கும் ஜெருசலேமுக்கும் போன தேடல், நடுவில் இரண்டு தடவை நம்ம மெட்ராஸைத் தொட்டுவிட்டு வந்தது.

கண்ணாடி விரியன் டாக்டர்

நாம் இங்கே பேசுவது தங்க ஹாம்ஸ்டர் அல்லது சிரிய ஹாம்ஸ்டர் என்கிற இனத்தைப் பற்றி. கடைகளில் கிடைக்கும் குட்டை ஹாம்ஸ்டர்கள் வேறு இனம்.

18ஆம் நூற்றாண்டில் அலெப்போ பெரிய வணிக நகரம். அங்கிருந்த ஆங்கிலேய வணிகர்களுக்கு மருத்துவராக இருந்தவர் அலெக்சாண்டர் ரஸ்ஸல். அந்த ஊரின் மனிதர்கள், செடிகொடிகள், விலங்குகள், நோய்கள் எல்லாவற்றையும் பற்றி 1756இல் ஒரு புத்தகம் போட்டார். அவருக்குப் பின் அதே வேலைக்கு வந்த தம்பி பேட்ரிக் ரஸ்ஸல், புத்தகத்தை விரிவாக்கி 1794இல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். அந்தப் பதிப்பில் ஹாம்ஸ்டர் வருகிறது. ஒரு ஹாம்ஸ்டரின் கன்னப் பைகளைத் திறந்தபோது உள்ளே பிஞ்சு பீன்ஸ் நெருக்கமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்ததாம். எடுத்துப் பரப்பினால் அதன் உடம்பைப் போல மூன்று மடங்கு குவியல் வந்ததாம். ஆனால் ஐரோப்பாவில் தெரிந்த ஹாம்ஸ்டர்தான் இது என்று எண்ணி, புது இனமாகப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

இந்தப் பேட்ரிக் ரஸ்ஸல் நமக்குத் தெரிந்தவர்தான். அலெப்போவிலிருந்து ஊர் திரும்பிய பிறகு, 1780களில் தம்பியோடு இந்தியா வந்தார். தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, பிறகு கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்த கோனிக் 1785இல் இறந்ததும், அந்தப் பொறுப்பு ரஸ்ஸலுக்கு வந்தது. சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796இல் வெளிவந்த பெரிய நூல் அவருடையது. நாம் கண்ணாடி விரியன் என்று சொல்லும் பாம்பு ஆங்கிலத்தில் 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' ஆனது இவர் பெயரால்தான்.

1839இல் லண்டன் விலங்கியல் சங்கத்தில் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் அலெப்போவிலிருந்து வந்த ஒரே ஒரு மாதிரியை, ஒரு வயதான பெண் ஹாம்ஸ்டரை, வைத்துப் புது இனமாக அறிவித்தார். டார்வின் பீகிள் பயணத்தில் சேகரித்து வந்த பாலூட்டிகளை ஆராய்ந்தவரும் இவர்தான். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 90 வருடம் இந்தப் பிராணியைப் பற்றி உலகம் பெரிதாகக் கவலைப்படவில்லை.

ஜி.ஹெச்சில் பார்த்த கிருமி

மறுபடி அதைத் தேட வைத்தது ஒரு நோய்: காலா அசார். மணல் ஈ கடித்துப் பரவுவது. விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், மண்ணீரல் வீங்கும், மருத்துவம் இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். அதன் கிருமியை 1903இல் இரண்டு பேர் தனித்தனியாக அறிவித்தார்கள். ஒருவர் வில்லியம் லீஷ்மன். இன்னொருவர் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டோனோவன். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இன்றும் இருக்கிற ஜெனரல் ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் அவர் அதைக் கண்டார். இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனோவானி' என்று பெயர் வைத்தவர் ரொனால்ட் ராஸ்.

கிருமி தெரிந்தால் போதுமா? அதை ஆராய, அந்த நோய் தொற்றக்கூடிய ஒரு சின்ன விலங்கு ஆய்வகத்தில் வேண்டும். ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணி நிபுணர் சால் அட்லர் சீன ஹாம்ஸ்டர்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவை கூண்டில் இனப்பெருக்கம் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் சீனாவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. பக்கத்திலேயே கிடைக்கும் ஹாம்ஸ்டர் ஏதாவது உண்டா என்று விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனியிடம் கேட்டார்.

1930, ஒரு கோதுமை வயல்

1930 ஏப்ரலில் அஹரோனியின் குழு அலெப்போ பக்கத்தில் ஒரு கோதுமை வயலைத் தோண்டியது. ஒரு வளைக்குள் தாயும் பதினொரு குட்டிகளும் கிடைத்தன. குட்டிகளோடு தாயையும் பெட்டியில் வைத்தார்கள். அது பக்கத்திலிருந்த குட்டியைக் கடித்துக் கொன்றது. மற்றவையாவது பிழைக்கட்டும் என்று தாயைச் சயனைடு புட்டியில் போட்டுவிட்டார்கள். கண் திறக்காத குட்டிகளை அஹரோனியும் அவர் மனைவியும் கையால் வளர்த்தார்கள். ஜெருசலேமுக்குப் போன பிறகு, மரத் தரையுள்ள கூண்டைக் கடித்துத் துளைத்துக்கொண்டு சில ஓடிப்போய்ச் செத்தன. மிஞ்சியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

அந்தச் சிலவற்றிலிருந்து, உடன்பிறந்தவற்றுக்குள்ளேயே இனம் பெருகியது. ஒரு வருடத்தில் 150 ஆனதாகச் சொல்கிறார்கள். சினைக்காலம் 16 நாள்தான் என்றால் கணக்கு இடிக்கவில்லை. 1931இல் அட்லர் சிலவற்றைத் தன் கோட்டுப் பைகளில் ஒளித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1938இல் அமெரிக்காவுக்குப் போனது. இன்று உலகெங்கும் கூண்டில் ஓடுகிற தங்க ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே ஒரு ஈற்றின் வாரிசுகள்.

ஆய்வகத்தின் பட்டியல், கடையின் விளம்பரம்

ஆய்வகம் ஹாம்ஸ்டரிடம் எதிர்பார்த்தது என்ன? சிறிய உடம்பு. சீக்கிரம் பெருகணும். சின்னப் பெட்டியில் அடங்கணும். தீனிச் செலவு குறைவாக இருக்கணும். மனிதனுக்கு வரும் நோய் அதற்கும் வரணும். ஆயுள் இரண்டு, மூன்று வருடம் என்பதுகூட ஆராய்ச்சிக்கு வசதிதான்.

1940களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் ஹாம்ஸ்டர் வளர்த்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். வளர்ப்பது எப்படி என்று கையேடும் எழுதினார். வாங்கியவர்கள் ஆய்வகங்களும் வீடுகளும். விலங்கு அதேதான், வாங்குகிறவர்தான் மாறினார். அந்தப் பட்டியலில் கடைசி ஒன்றிரண்டு வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்: சின்னது, மலிவு, இடம் அடைக்காது, தீனி குறைவு. இன்றைக்குக் கடைக்காரர் நமக்குச் சொல்வது அப்படியே இதுதான், இல்லையா?

அடித்த வரிகளும் எங்கும் போய்விடவில்லை. 2022 ஜனவரியில் ஹாங்காங்கில், ஒரு செல்லப்பிராணிக் கடை ஹாம்ஸ்டர்களில் கோவிட் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 ஹாம்ஸ்டர்களையும் மற்ற சிறு பிராணிகளையும் அரசு கொன்றது. அதே காலத்தில் கோவிட் தடுப்பூசி, மருந்து ஆராய்ச்சிகளில் அதிகம் பயன்பட்ட விலங்குகளில் ஒன்றும் இதே தங்க ஹாம்ஸ்டர்தான். காரணம் இரண்டுக்கும் ஒன்றே: அந்தக் கிருமி அதற்கு எளிதில் தொற்றும்.

வயலில் அது எப்படி வாழ்கிறது?

1990களின் கடைசியில் ஜெர்மன் ஆய்வாளர் ரோல்ஃப் காட்டர்மன் குழுவினர் அலெப்போ பகுதிக்குப் போய் வளைகளைத் தேடிப் பதிவு செய்தார்கள். வளைகளின் ஆழம் 36 செ.மீ. முதல் 106 செ.மீ. வரை. கூடு கட்ட ஓர் அறை, தானியம் சேர்க்க ஓர் அறை. குட்டி போட்ட தாயைத் தவிர்த்தால், ஒரு வளைக்கு ஒரே ஒரு ஹாம்ஸ்டர். கூண்டில் அது ராத்திரிப் பிராணி. ஆனால் வயலில் பெண் ஹாம்ஸ்டர்கள் பகலில், அதிகாலையும் மாலையும் ஒட்டி, வெளியே வந்ததை இதே குழு பிறகு பதிவு செய்தது.

இப்போது கடையில் விற்கும் கூண்டை நினைத்துப் பாருங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மரத்தூள். துணைக்கு இருக்கட்டும் என்று பாசத்தோடு இன்னொன்றையும் உள்ளே விடுவார்கள். வளர்ந்த இரண்டு தங்க ஹாம்ஸ்டர்களை ஒரே கூண்டில் விட்டால் சண்டை, பல சமயம் சாவு. கம்பியை ராத்திரி முழுக்கக் கடிப்பதைப் பார்த்து "விளையாடுது" என்று சிரிக்கிறோம். தோண்ட மண் இல்லாத இடத்தில் அது வேறு என்ன செய்யும்?

மெயின்டெனன்ஸே இல்லை என்றால், அது கேட்காமல் தாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். நாய் குரைத்துக் கேட்கும், பூனை காலைச் சுற்றும். ஹாம்ஸ்டருக்கு அந்த வழி இல்லை. கவனிக்கிற வேலை அப்படியேதான் இருக்கிறது, நினைவூட்டுகிறவர்தான் இல்லை.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் இந்த ஐந்தையும் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

ஒன்று, இடம். கம்பிக் கூண்டைவிட, ஓர் அடி ஆழத்துக்கு மரத்தூளோ காகிதத் துகளோ போடக்கூடிய பெரிய கண்ணாடித் தொட்டி நல்லது. முதுகு வளையாமல் ஓடுகிற அளவுக்குப் பெரிய சக்கரமும் வேண்டும். பெரும்பாலும் பிராணியின் விலையைவிட இதற்குத்தான் செலவு அதிகம்.

இரண்டு, நேரம். பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது அது தூங்கும். தூங்குவதைத் தூக்கினால் கடிக்கும். ஏழு மணிக்கு மேல் விளையாடப் பொறுமை உள்ள பிள்ளைக்குத்தான் இது சரிப்படும்.

மூன்று, வெயில். சென்னை, மதுரை மே மாதத்தில் ஜன்னலோரத்திலோ பால்கனியிலோ வைத்தால் தாங்காது. வீட்டில் குளிர்ச்சியான அறை எது என்று முதலிலேயே தீர்மானியுங்கள்.

நான்கு, மருத்துவர். நாய், பூனை பார்க்கிற எல்லோரும் ஹாம்ஸ்டர் பார்ப்பதில்லை. வாங்கும் முன்பே போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐந்து, மரணம். இரண்டு, மூன்று வருடத்தில் அது இறந்துவிடும். மூன்றாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்தால் ஐந்தாம், ஆறாம் வகுப்பில் அந்தப் பேச்சைப் பிள்ளையோடு பேசியாக வேண்டும். தவறில்லை, ஆனால் தெரிந்தே வாங்க வேண்டும்.

பெயருக்குப் பிள்ளையின் ஹாம்ஸ்டராக இருக்கட்டும். பரீட்சை வாரத்திலும் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதும் பார்த்துக்கொள்ளப் போவது பெரியவர்களில் ஒருவர்தான். அந்த ஒருவர் யார் என்பதற்கு வீட்டில் பதில் இருந்தால் ஹாம்ஸ்டர் என்ன, மீன், லவ் பேர்ட்ஸ் எதுவும் வளர்க்கலாம். பதில் இல்லையென்றால் இப்போதைக்கு ஒரு துளசித் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலெப்போ விவசாயிகளுக்கு ஹாம்ஸ்டர் இன்னமும் பயிரைத் தின்னும் எலிதான். சொந்த மண்ணில் அதன் எண்ணிக்கை குறைந்து, இன்று அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கூண்டுகளில் இருப்பவற்றுக்குத்தான் கணக்கே இல்லை.